பதினைந்து நிமிடம்... நாற்பது வருடக் கதை!

வயது வந்தவர்களின் ஏ.டி.ஹெச்.டி.-யைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அமெரிக்காவில் நர்ஸ்களின் கைக்கு வந்துவிட்டது. அதற்கான பயிற்சி வந்துவிட்டதா?

2024 மே மாதம் கேரளாவின் கோதமங்கலத்தில் குழந்தைகள் இல்லம் ஒன்றின் விழாவில் பேசிய நடிகர் ஃபகத் ஃபாசில், தனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்திருப்பதாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 41. ‘விக்ரம்’ அமரையும் ‘மாமன்னன்’ ரத்தினவேலையும் கொண்டாடிய தமிழ் ரசிகர்கள் பலருக்கு இது புதிராக இருந்தது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களுக்குச் சொல்லப்படும் குறைபாடு ஆயிற்றே, 41 வயதுக்காரருக்கு எப்படி?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கவனக்குறைவு, மிகை இயக்கம், யோசிக்காமல் செயல்படும் அவசரம் ஆகியவை சேர்ந்ததே ஏ.டி.ஹெச்.டி. தங்களுக்கு அது இருப்பதாக மருத்துவத் துறையினர் உறுதி செய்திருக்கிறார்கள் என்று 2023-ல் சொன்ன அமெரிக்கப் பெரியவர்கள் 1.55 கோடி பேர். நாட்டின் வயது வந்தவர்களில் இது 6 சதவிகிதம் என்கிறது அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 18 வயதைத் தாண்டிய பிறகுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் முழுவதையும் யார் கண்ணிலும் படாமல் கடந்து வந்தவர்கள் அவர்கள்.

சந்தேகம் வந்ததும் இவர்கள் முதலில் போவது மனநல மருத்துவரிடம் அல்ல. போக நினைத்தாலும் எளிதில் முடியாது. அமெரிக்காவில் மனநலப் பணியாளர் பற்றாக்குறை உள்ள பகுதிகள் என அரசே அறிவித்திருக்கும் இடங்களில் 12 கோடிக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். ஆகவே சளி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என எல்லாவற்றுக்கும் போகும் அதே குடும்ப கிளினிக்குக்குத்தான் இதற்கும் போகிறார்கள். அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவர் பல நேரங்களில் டாக்டர் இல்லை. நர்ஸ் பிராக்டிஷனர்!

டாக்டர் இல்லாத ஊரில் பிறந்த வேலை

இந்தப் பதவியின் கதை 1965-ல் தொடங்குகிறது. கொலராடோ மாநிலத்தில் பொதுச் சுகாதார நர்ஸாக வேலை பார்த்த லொரெட்டா ஃபோர்டு, டாக்டரே எட்டிப் பார்க்காத கிராமங்களில் குழந்தைகள் படும் பாட்டை நேரில் பார்த்தவர். கொலராடோ பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் நல மருத்துவர் ஹென்றி சில்வருடன் சேர்ந்து, நர்ஸ்களுக்கு உடல் பரிசோதனையும் நோயறிதலும் சொல்லித்தரும் ஒரு படிப்பைத் தொடங்கினார். மருத்துவர்கள் மட்டுமல்லாமல் நர்சிங் பேராசிரியர்கள் பலரும் அதை எதிர்த்தார்கள். நர்ஸ் என்பவர் நர்ஸாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஃபோர்டு விடவில்லை. 2025 ஜனவரியில் 104 வயதில் அவர் இறந்தபோது, அவர் தொடங்கிவைத்த தொழிலில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

நர்சிங் பட்டம், அதன்மேல் முதுகலை அல்லது முனைவர் நிலைப் படிப்பு, பிறகு தேசியச் சான்றிதழ் தேர்வு. இவற்றை முடித்தவர் நோயாளியைப் பரிசோதிக்கலாம், ரத்தப் பரிசோதனை எழுதலாம், நோயின் பெயரைச் சொல்லலாம், மருந்தும் எழுதலாம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே தனியாக கிளினிக் நடத்தலாம். இந்தியாவிலும் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில் படிப்புகள் வந்திருக்கின்றன. ஆனால், அவை பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் பிரசவத்துக்குமானவை. தெருமுனை கிளினிக்கில் குடும்ப டாக்டரின் இடத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பது நம்மூரில் பார்க்காத காட்சி.

அமெரிக்காவில் இவர்களில் பெரும்பாலானோர் படித்திருப்பது முதல்நிலை மருத்துவம்தான். பச்சிளம் குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை எல்லோரையும் பார்க்கும் ‘குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர்’ பிரிவுக்கே கூட்டம் அதிகம். மனநலத்துக்கென்று தனிப் பிரிவு உண்டு. அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. இப்படி, குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஒரு தொழிலின் வாசலில், குழந்தைகளுடையது என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு குறைபாட்டைச் சுமந்துகொண்டு பெரியவர்கள் வந்து நிற்கிறார்கள்.

வளர்ந்தால் போய்விடுமா?

அந்த முத்திரை பழையது. 1902-ல் லண்டனில் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரைகள் குழந்தைகளைப் பற்றியவை. 1937-ல் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தன் பொறுப்பில் இருந்த சிகிச்சை இல்லத்துக் குழந்தைகளுக்கு ஆம்ஃபெட்டமைன் கொடுத்தபோது அவர்கள் படிப்பில் தெளிவடைவதைத் தற்செயலாகக் கண்டார். அதுவும் குழந்தைகள் கதைதான். ‘பருவம் வந்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்பதே பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தக ஞானம்.

அதை முதலில் உலுக்கியவர்களில் ஒருவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் பால் வெண்டர். 1970-களிலேயே பெரியவர்களிடம் இந்தக் குறைபாட்டை ஆராய்ந்து, அதைக் கண்டறிய அளவுகோல்களும் வகுத்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம். 1980-ல் பெரியவர்களுக்கு ‘மிச்சமிருக்கும் வகை’ என்று ஓரமாக ஒரு இடம் கொடுத்தது. பெரியவர்களின் அன்றாடத்திலிருந்து எடுத்த உதாரணங்களோடு அறிகுறிகளை விளக்க, 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 17 வயதை எட்டியவருக்குக் கவனக்குறைவிலோ மிகை இயக்கத்திலோ உள்ள ஒன்பது அறிகுறிகளில் 5 இருந்தால் போதும், குழந்தைக்கு 6 வேண்டும் என்றது அந்தப் பதிப்பு. அறிகுறிகள் 7 வயதுக்குள் தலைகாட்டியிருக்க வேண்டும் என்ற பழைய விதியை 12 வயது என்று தளர்த்தவும் செய்தது.

இன்று கிளினிக் நடத்தும் நடுவயது மருத்துவர்களும் நர்ஸ்களும் படித்து முடித்தது இந்த மாற்றங்களுக்கு முன்பு. விளைவு கணக்கில் தெரிந்தது. ரொனால்ட் கெஸ்லர் தலைமையிலான குழு 2006-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி அமெரிக்கப் பெரியவர்களில் 4.4 சதவிகிதத்தினருக்கு ஏ.டி.ஹெச்.டி. இருந்தது. அவர்களில் அதற்கென்று முந்தைய ஓராண்டில் சிகிச்சை பெற்றிருந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். 2009-ல் முதல்நிலை மருத்துவர்கள் 400 பேரிடம் நடந்த ஆய்வில், பெரியவர்களின் ஏ.டி.ஹெச்.டி.-யைக் கண்டறிவதில் தங்களுக்குத் தயக்கம் இருப்பதாக 48 சதவிகிதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். மனச்சோர்வு என்றால் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்றவர்கள், இதை மட்டும் நிபுணரிடம் தள்ளிவிட்டார்கள்.

தள்ளிவிட்டதில் அதிகம் அடிபட்டவர்கள் பெண்கள். மேஜை மேல் ஏறும் பையனை டீச்சர் பார்க்காமல் இருக்க முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யார் கவனிக்கப் போகிறார்கள்? சிறுவயதில் ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று பையன்கள் என்ற விகிதத்தில் கண்டறியப்படும் குறைபாடு, பெரியவர்களிடம் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. இடைவெளியில் தவறவிடப்பட்ட பெண்கள் முப்பதிலும் நாற்பதிலும் வந்து சேர்கிறார்கள். ‘பார்பி’ படத்தின் இயக்குநர் கிரெட்டா கெர்விக், தனக்கு வயது வந்த பிறகே இது கண்டறியப்பட்டதாக 2023-ல் ஒரு பேட்டியில் சொன்னார்.

வளர வளரக் குறைபாட்டின் தோற்றமும் மாறிவிடுகிறது. ஓட்டமும் குதியும் குறைந்து, உள்ளுக்குள் ஓயாத பரபரப்பாகத் தங்கிவிடுகிறது. வெளியே தெரிவதெல்லாம் கெடு தாண்டிய பில்களும் பாதியில் நின்ற வேலைகளும் மாற்றி மாற்றிப் பார்த்த கம்பெனிகளும்தான். இதோடு மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்துகொண்டால், கிளினிக்கில் கண்ணில் படுவது அது மட்டுமே. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கேள்விப் பட்டியல் நீட்டிப் பார்க்கச் சொல்லி அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு பரிந்துரைக்கிறது. ஏ.டி.ஹெச்.டி.-க்கு அப்படி ஒரு பரிந்துரை இல்லை. தேடாத பொருள் கிடைப்பதில்லை.

மறுபக்கம் வழிந்த வெள்ளம்

இதுவரை சொன்னது, கண்டுபிடிக்காமல் விட்ட கதை. கோவிட் காலம் இதற்கு நேரெதிரான இன்னொரு கதையை எழுதியது.

2020 மார்ச்சில், நேரில் பார்க்காமலே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை வீடியோ அழைப்பில் எழுதிக்கொடுக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. ஏ.டி.ஹெச்.டி.-க்குத் தரப்படும் அடரால் போன்ற ஸ்டிமுலன்ட் வகை மருந்துகளும் அதில் அடக்கம். வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவர்கள், தங்களால் எதிலும் மனம் குவிக்க முடியவில்லை என்று உணர்ந்த நேரம். போனைத் திறந்தால் ‘உங்களுக்கும் இருக்கிறதா?’ என்று கேட்கும் டிக்டாக் வீடியோக்கள். கனடா ஆய்வாளர்கள் 2022-ல் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏ.டி.ஹெச்.டி. வீடியோக்களை எடுத்து அலசினார்கள். 52 வீடியோக்கள் தவறான தகவல் தந்தவை!

2020-க்கும் 2021-க்கும் இடையே சில வயதுப் பிரிவினரிடம், குறிப்பாக 15 முதல் 44 வயதுப் பெண்களிடமும் 25 முதல் 44 வயது ஆண்களிடமும், ஸ்டிமுலன்ட் வாங்கியவர்களின் விகிதம் 10 சதவிகிதத்துக்கும் மேல் உயர்ந்தது. 2022 அக்டோபரில் அடராலுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. 2023-ல் இந்த மருந்துகளை எடுத்தவர்களில் 71.5 சதவிகிதத்தினர், மருந்துக்கடையில் சரக்கு இல்லாமல் அலைந்ததாக சி.டி.சி.-யிடம் சொல்லியிருக்கிறார்கள்.

2024 ஜூனில் இந்த விவகாரம் நீதிமன்றப் படியேறியது. ‘டன்’ என்ற ஆன்லைன் ஏ.டி.ஹெச்.டி. நிறுவனத்தின் நிறுவனரும் மருத்துவத் தலைவரும் கைதானார்கள். முறையான மருத்துவத் தேவை இல்லாமல் 4 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகள் வெளியே போக வழிசெய்து, 10 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்தார்கள் என்று நீதித்துறை அப்போது குற்றம்சாட்டியது. அந்த நிறுவனத்துக்காக மருந்துச்சீட்டில் கையெழுத்திட்டவர்களில் நர்ஸ் பிராக்டிஷனர்களும் இருந்தார்கள். முதல் சந்திப்புக்கு நிமிடக் கணக்கில் நேரம், மறு சந்திப்புக்கு ஊக்கமில்லை என்பதுதான் அங்கே நடந்த மருத்துவம் என்றது அரசுத் தரப்பு.

ஒரு பக்கம் இருபது வருடம் கவனிக்காமல் விடுகிறார்கள். இன்னொரு பக்கம் இருபது நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். எதிரில் இருப்பவரின் வாழ்க்கைக் கதையை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று பலருக்குச் சொல்லியும் தரவில்லை.

ஆறு கேள்வியும் ஆயிரம் பேரும்

பயிற்சியில் முதலில் கையில் கிடைப்பது ஒரு தாள். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து கெஸ்லர், லென்னர்ட் ஆட்லர் ஆகியோரின் குழு உருவாக்கி 2005-ல் வெளியான சுயமதிப்பீட்டுப் பட்டியல். மொத்தம் 18 கேள்விகள். அதில் முதல் 6 மட்டும் முன்சோதனை. ஒரு வேலையின் கடைசிக் கட்டத்தை முடிக்கத் திணறுகிறீர்களா, சந்திப்புகளை மறக்கிறீர்களா, யோசனை தேவைப்படும் வேலையைத் தள்ளிப் போடுகிறீர்களா என்ற ரகத்தில் போகும். காத்திருக்கும் அறையிலேயே ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்புக்கு ஏற்ப 2017-ல் திருத்திய வடிவமும் வந்திருக்கிறது.

தாள் நல்ல தாள்தான். ஆபத்து, அதை முடிவு என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். கிளினிக்குக்கு வரும் 1,000 பெரியவர்களிடம் இதைக் கொடுக்கிறார்கள். கெஸ்லர் ஆய்வுப்படி அவர்களில் 44 பேருக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கலாம். அந்த 44 பேரையும் தாள் ஒருவர் விடாமல் பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 956 பேரில் பத்தில் ஒருவரை மட்டும் அது தவறாகச் சுட்டிக்காட்டினால்கூட, 96 பேர் வீணாக மாட்டுவார்கள். ஆக, ‘ஆம்’ என்று வந்த 140 பேரில் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவருக்கே உண்மையில் பிரச்னை.

இது வெறும் கணக்கு வாத்தியார் பயமுறுத்தல் அல்ல. வயது வந்த பிறகு புதிதாக ஏ.டி.ஹெச்.டி. முளைக்குமா என்ற விவாதத்தை 2015-ல் நியூசிலாந்தின் டுனெடின் நகர ஆய்வு கிளப்பியது. பிறந்தது முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரில், பெரியவர்களாகி அறிகுறி காட்டியவர்களில் 90 சதவிகிதத்தினருக்குச் சிறுவயதில் அந்தக் குறைபாடு இருக்கவில்லை என்றது அது. மூன்று வருடம் கழித்து மார்கரெட் சிப்லியின் குழு அமெரிக்காவில் இதையே வேறு விதமாகச் சோதித்தது. சிறுவயதில் அந்தக் குறைபாடு இல்லாமல், பிறகு கேள்வித்தாளில் ‘ஆம்’ வந்த ஒவ்வொருவரின் கதையையும் தோண்டித் துருவினார்கள். சுமார் 95 சதவிகிதத்தினர் உதிர்ந்துவிட்டார்கள்! போதைப் பழக்கம், வேறு மனநலப் பிரச்னைகள், அன்றாடத்தைப் பாதிக்காத லேசான அறிகுறிகள் என்று வேறு காரணங்கள் வெளியே வந்தன.

கவனம் சிதறுவது காய்ச்சல் மாதிரி. அது ஒரு அறிகுறி, பல நோய்களுக்கும் பொது. தைராய்டு சுரப்பு ஏறினாலும் இறங்கினாலும் மனம் ஒன்றாது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோய் இருப்பவர் பகலெல்லாம் மந்தமாக இருப்பார். ரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள், கஞ்சா, மது, பழைய அதிர்ச்சி என்று பட்டியல் நீளும். முக்கியமாக இருதுருவ மனநிலைக் கோளாறு. அது இருப்பது தெரியாமல் ஸ்டிமுலன்ட் கொடுத்தால் நிலைமை விபரீதமாகலாம். இங்கேதான் முதல்நிலை நர்ஸுக்கு மனநல நிபுணரைவிட ஒரு சாதகம் இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாம் அவர் தினமும் பார்க்கும் விஷயம். உடலையும் மனதையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து விசாரிக்க அவரால் முடியும்.

ரேங்க் கார்டில் இருக்கும் விடை

நர்சிங் கல்லூரிகளில் நடிகர்களை நோயாளிகளாக்கிப் பயிற்சி தருவது பழகிப்போன முறை. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் 1963-ல் தொடங்கிவைத்த உத்தி இது. கதை ஒன்றை மனப்பாடம் செய்துகொண்ட ஒருவர் ‘நோயாளி’யாக வந்து உட்காருவார். மாணவர் அவரிடம் கேள்வி கேட்டு விஷயத்தை வெளியே கொண்டுவர வேண்டும். ஆசிரியர் கண்ணாடிக்குப் பின்னாலோ கேமரா வழியாகவோ பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பாடத்துக்கு இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்து பார்க்கலாம். 38 வயதுப் பெண். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, இரண்டு குழந்தைகள். “ரொம்பச் சோர்வா இருக்கு, தூக்கமே வரலை” என்று வருகிறார். மனச்சோர்வுப் பட்டியலில் மதிப்பெண் அதிகம். ஏற்கெனவே வேறு இரண்டு கிளினிக்குகளில் மனச்சோர்வு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஓரளவு அழுகை நின்றது, வேறொன்றும் மாறவில்லை. அவசரக்கார மாணவர் மூன்றாவது மாத்திரையை எழுதிவிடுவார். டிக்டாக் பார்த்த மாணவர் அடராலை எழுதிவிடுவார். இருவருமே தேர்வில் தோற்பார்கள்.

தேறும் மாணவர் கேட்கும் கேள்விகள் வேறு. “இது எப்போதிலிருந்து?” போன வருடத்திலிருந்து என்றால் ஒரு பாதை, நினைவு தெரிந்த நாளிலிருந்து என்றால் இன்னொரு பாதை. “ஐந்தாம் வகுப்பு டீச்சர் ரேங்க் கார்டில் என்ன எழுதினார்?” அறிவு இருக்கிறது, முயற்சி போதவில்லை என்ற வாசகம் வருடா வருடம் திரும்பத் திரும்ப வந்திருந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். “வேலையில் மட்டும்தானா, வீட்டிலுமா?” இரண்டு இடங்களிலாவது தொல்லை இருக்க வேண்டும் என்பது டி.எஸ்.எம். விதி. அலுவலகத்தில் மட்டும் என்றால் குற்றவாளி அந்த அலுவலகமாகவும் இருக்கலாம். “அம்மாவிடமோ அண்ணனிடமோ பேசலாமா?” சொந்த நினைவு ஏமாற்றும், பக்கத்தில் இருந்து பார்த்தவரின் நினைவு கைகொடுக்கும். “பெற்றோருக்கோ பிள்ளைக்கோ இப்படி உண்டா?” பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 74 சதவிகிதம் என்று இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர் விளக்கும்போது, ‘இது என் கதையாச்சே’ என்று தாய்க்குப் பொறி தட்டுவது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவையும் கேட்டு முடிக்க, முதல்நிலை கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் 15 முதல் 20 நிமிடம் போதாது. அதனால் நல்ல பயிற்சி இதை இரண்டு, மூன்று சந்திப்புகளாகப் பிரிக்கச் சொல்லித் தருகிறது. முதல் முறை தாளும் ரத்தப் பரிசோதனையும். அடுத்த முறை வாழ்க்கைக் கதை. மூன்றாவது முறைதான் முடிவும் சிகிச்சையும். எப்போது தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டு மனநல நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் பாடத்தில் ஒரு பகுதி. இருதுருவக் கோளாறின் சாயல், தற்கொலை எண்ணம், போதைப் பழக்கம், இதய நோய் ஆகியவை தெரிந்தால் தனியாக முடிவெடுக்கக் கூடாது.

சிகிச்சையும் அப்படியே. ஸ்டிமுலன்ட்கள் அமெரிக்கச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை மருந்துகள். பழைய சீட்டை நீட்டி மறுபடி வாங்க முடியாது. சில மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் அவற்றை எழுதவே கட்டுப்பாடு உண்டு. எழுதும் முன் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும், நோயாளி வேறு எங்காவது இதே மருந்தை வாங்குகிறாரா என்று மாநிலத் தரவுத்தளத்தில் தேட வேண்டும். ஸ்டிமுலன்ட் ஒத்துவராதவர்களுக்கு 2002-ல் அனுமதி பெற்ற அடமாக்சடின் போன்ற வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. மாத்திரையோடு சேர்த்து, நாளைத் திட்டமிடவும் வேலையைத் துண்டுகளாகப் பிரிக்கவும் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சை பலனளிப்பதை 2010-ல் ஸ்டீவன் சாஃப்ரென் குழுவின் ஆய்வு காட்டியது.

யார் சொல்லித் தருவது?

பாடம் என்னவென்று தெரிகிறது. அதற்கு இடம் எங்கே என்பதில்தான் சிக்கல். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சிக்குக் குறைந்தபட்சம் 500 மணி நேரம் என்றிருந்ததை, 2022-ல் வெளியான தேசியத் தரவிதிகள் 750 ஆக்கின. அந்த 750-க்குள் சர்க்கரையும் வரவேண்டும், கர்ப்பிணியும் வரவேண்டும், குழந்தைக் காய்ச்சலும் வரவேண்டும். மருத்துவர்களின் பயிற்சிக் காலத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்பது மருத்துவர் சங்கங்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், 2009 ஆய்வில் தயங்கியவர்கள் டாக்டர்கள்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனவர்களுக்கு வழிகாட்ட ஒரு முன்மாதிரி நியூ மெக்சிகோவில் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா, 2003-ல் அங்கே ‘எக்கோ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். தன்னைப் பார்க்க ஹெபடைடிஸ் சி நோயாளிகள் மாதக் கணக்கில் காத்திருப்பதைக் கண்டவர், வாரந்தோறும் வீடியோவில் கிராமத்து டாக்டர்களையும் நர்ஸ்களையும் சந்தித்தார். அவர்கள் தங்கள் நோயாளியின் கதையைப் பெயர் சொல்லாமல் முன்வைப்பார்கள், நிபுணர்கள் வழிகாட்டுவார்கள். 2011-ல் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. கிராமத்து கிளினிக்குகளில் குணமானவர்கள் 58.2 சதவிகிதம், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5. நோயாளியை நகர்த்தாமல் அறிவை நகர்த்தினால் போதும் என்பது நிரூபணமானது. அதன்பின் மனநலம் உட்படப் பல துறைகளுக்கு இந்த முறை பரவியது. ஒருநாள் கருத்தரங்கில் கைதட்டிவிட்டு வீடு திரும்புவதைவிட, சொந்த நோயாளியை வைத்துக்கொண்டு வாரா வாரம் விவாதிப்பது மனதில் நிற்கும்.

இன்னொரு குறை, கையில் பிடித்துக்கொள்ள ஒரு நெறிமுறை இல்லாதது. பிரிட்டனில் பெரியவர்களையும் உள்ளடக்கிய வழிகாட்டுதல் 2008-லேயே வந்து, 2018-ல் புதுப்பிக்கப்பட்டது. கனடாவிடமும் இருக்கிறது, ஆஸ்திரேலியாவும் 2022-ல் வெளியிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் நெறிமுறையோ 18 வயதோடு நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்கென்று முதல் அமெரிக்க நெறிமுறையை எழுதும் வேலையை ஆப்ஸார்டு என்ற ஏ.டி.ஹெச்.டி. நிபுணர்கள் சங்கம் கையில் எடுத்ததே இந்தப் பத்தாண்டில்தான். லட்சக்கணக்கானோருக்கு மருந்து போய்க்கொண்டிருக்கும் நாட்டில், விதிப்புத்தகம் கடைசியில் வருகிறது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

‘கொஞ்சம் மறதி, கொஞ்சம் சோம்பல், இதற்கெல்லாமா சிகிச்சை?’ என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. அவர்களுக்கான பதில் சாலை விபத்துக் கணக்கில் இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி. உள்ள 23 லட்சம் அமெரிக்கர்களின் தரவுகளை ஆராய்ந்த 2017 ஆய்வின்படி, மருந்து எடுத்த மாதங்களில் அவர்கள் வாகன விபத்தில் சிக்கும் ஆபத்து, எடுக்காத மாதங்களைவிட ஆண்களுக்கு 38 சதவிகிதமும் பெண்களுக்கு 42 சதவிகிதமும் குறைவு. ஸ்வீடனில் 25,000-க்கும் மேற்பட்டோரை வைத்து 2012-ல் வெளியான ஆய்வு, மருந்து எடுக்கும் காலத்தில் குற்றங்களில் ஈடுபடுவதும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதைக் கண்டது.

2025 ஜனவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் கனமானது. பிரிட்டனின் முதல்நிலை கிளினிக் பதிவுகளில் ஏ.டி.ஹெச்.டி. என்று குறிக்கப்பட்ட 30,000 பெரியவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 7 வருடமும் பெண்களுக்கு ஏறத்தாழ 9 வருடமும் குறைவாக இருந்தது. புகை, மது, கவனிக்காமல் விட்ட மற்ற நோய்கள், மனச்சோர்வு என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும் இழப்பு அது. குறைபாடு நேரடியாகக் கொல்வதில்லை. தடுத்திருக்கக்கூடியவற்றைத் தடுக்கவிடாமல் செய்கிறது. சர்க்கரை மாத்திரையை மறப்பவர், மறு பரிசோதனைக்கு வராதவர், புகையை விட்டு விட்டு மறுபடி பிடிப்பவர் எல்லாம் குடும்ப கிளினிக்கின் அன்றாட முகங்கள். அவர்களில் சிலரிடம், ‘ஏன் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்?’ என்ற அதட்டலுக்குப் பதிலாக, ‘சின்ன வயதிலும் இப்படித்தானா?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்க நர்ஸ்களால் முடியும். அறுபது வருடங்களுக்கு முன் நர்ஸ்களால் நோயறிய முடியாது என்று சொன்னவர்களின் வாதம் என்றோ தோற்றுவிட்டது. பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு கட்டாயமான இடம், வேலைக்குப் போன பிறகும் கைப்பிடித்து நடத்தும் நிபுணர் குழு, இரண்டாவது சந்திப்புக்கும் பணம் தரும் காப்பீடு, பெரியவர்களுக்கான ஒரு நெறிமுறை. இந்த நான்கும் இல்லாமல் பழியை மட்டும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் தலையில் போடுவது நியாயமில்லை. நான்கும் வரும்வரை, தவறவிடுவதும் தாராளமாக எழுதிக்கொடுப்பதும் அருகருகே தொடரத்தான் செய்யும்.

இதைப் படிக்கும்போது ‘நமக்கும் இருக்குமோ’ என்று தோன்றினால், போனில் வரும் கேள்விப் பட்டியலை நம்பி முடிவெடுத்துவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மாவையோ அக்காவையோ அழைத்துப் போங்கள். உங்களுக்கு 12 வயது ஆவதற்கு முன்பு நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். அதற்குச் சரியான பதில் அவர்களிடம்தான் இருக்கும்.